முதுகை இழுப்பதா, சுமையைக் குறைப்பதா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)



எறையூர் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது சர்க்கரை ஆலை. அரவைப் பருவம் தொடங்கிவிட்டால் ஆலையின் புகையும் பாகின் மணமும் எங்கள் தெருவரை வந்துவிடும். கரும்பேற்றிய டிராக்டர்களும் டயர் வண்டிகளும் சாலையோரம் வரிசையாக நிற்கும். அந்த வரிசையைப் பார்ப்பவர்கள் கரும்பைப் பார்க்கிறார்கள். அதை வெட்டி, கட்டி, தூக்கி, வண்டியில் ஏற்றிய முதுகுகளை யாரும் பார்ப்பதில்லை. அந்த முதுகுகளைப் பற்றியே இக்கட்டுரை.

இன்று நகரங்களில் "அறுவையின்றி முதுகுவலி தீரும்", "கத்தியின்றி ரத்தமின்றி ஜவ்வு சரியாகும்" என்ற விளம்பரப் பலகைகளைக் காணாத தெரு இல்லை. நோயாளியை ஒரு மேசையில் படுக்க வைத்து, மார்பிலும் இடுப்பிலும் பட்டை கட்டி, கணிப்பொறி இயக்கும் மோட்டாரால் முதுகெலும்பை இழுத்து விடும் சிகிச்சை அது. கழுத்துக்கும் அதே முறை உண்டு. முதுகெலும்பின் அழுத்தத்தைத் தளர்த்தும் சிகிச்சை என்று அதற்குப் பெயர். இது நல்லதா, கெட்டதா? ஏழை வீட்டுப் பணத்தை இதில் போடலாமா? இக்கேள்விகளுக்கு விடை தேடும் கடமை எனக்கு உண்டு. அக்கடமை எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

துண்டறிக்கை வந்த கதை

என் தந்தையார் கரும்பு வெட்டும் தொழிலாளி. இருபத்தைந்து ஆண்டுகளாக வெட்டியும் சுமந்தும் வருகிறார். சென்ற ஆண்டு அரவைப் பருவத்தின் நடுவில், ஒரு கட்டைக் குனிந்து தூக்கியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வலி இடுப்பில் தொடங்கி இடது காலின் பின்புறமாகக் கெண்டைக்கால்வரை இறங்கியது. எண்ணெய் தேய்த்தோம், சுளுக்கு எடுத்தோம், ஊசி போட்டோம். பிறகு ஸ்கேன் எடுத்ததில், இடுப்பின் நான்காம், ஐந்தாம் முள்ளெலும்புகளுக்கு இடையே உள்ள வட்டு பிதுங்கியிருப்பதாக எழுதியிருந்தது.

அந்த நேரத்தில்தான் ஒரு நகரத்துச் சிகிச்சை நிலையத்தின் துண்டறிக்கை எங்கள் வீட்டுக்கு வந்தது. வழவழப்பான தாள், பாதி ஆங்கிலம். அப்பா அதை என்னிடம் நீட்டி, "பாப்பா, நீதான் படிச்ச புள்ள. இதுல என்ன போட்டுருக்குன்னு பாரு. போலாமா, வேணாமா?" என்று கேட்டார்.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். 'எதிர் அழுத்தம்', 'வட்டுக்குள் வெற்றிடம்', 'கணிப்பொறிக் கட்டுப்பாடு' ஆகிய சொற்களைப் படித்தேன். இயற்பியல் மாணவிக்குப் பழக்கமான சொற்கள் அல்லவா? மயங்கிவிட்டேன். "போலாம்ப்பா, விஞ்ஞான முறைதான்" என்று சொன்னேன்.

இருபது அமர்வுகளுக்கு 24,000 ரூபாய். முன்பணமாகவே கட்ட வேண்டும். அம்மாவின் தோடும் சங்கிலியும் அடகுக்குப் போயின. பன்னிரண்டு அமர்வுகள் முடிந்தன. படுத்திருக்கும் அரை மணி நேரம் சுகமாக இருக்கிறது என்றார் அப்பா. பேருந்தில் ஊர் திரும்புவதற்குள் வலியும் திரும்பிவிடும். பதின்மூன்றாம் அமர்வுக்கு அவர் போகவில்லை. மீதிப் பணமும் வரவில்லை. என் ஒரு சொல்லுக்கு எங்கள் வீடு கொடுத்த விலை அது. படிக்க வேண்டியதைப் படிக்காமல் சொன்ன சொல் என்பதால், அதன் பிறகாவது படித்தேன். படித்ததை உங்கள்முன் வைக்கிறேன்.

இழுவையின் வரலாறு

முதுகை இழுத்துச் சரிசெய்யும் எண்ணம் புதியதன்று. சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க நாட்டு மருத்துவர் ஹிப்பாக்ரட்டீஸ், நோயாளியைப் பலகையில் படுக்க வைத்து இரு முனைகளிலும் கயிறு கட்டி இழுக்கும் அமைப்பைப் பற்றிக் கூறியுள்ளார். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் சிரியாக்ஸ் இழுவை முறையைப் பரப்பினார். 1991-இல் கனடாவைச் சேர்ந்த ஆலன் டயர் 'வாக்ஸ்-டி' என்ற மேசையை அறிமுகம் செய்தார். அதன் வழியில் வந்தவையே இன்றைய கணிப்பொறி மேசைகள்.

வெறும் இழுவை வேறு, தங்கள் முறை வேறு என்பது விளம்பரக்காரர்களின் வாதம். ஒரே விசையில் இழுக்காமல், விட்டு விட்டு, மெல்ல ஏற்றி மெல்ல இறக்குவதால் தசை எதிர்த்து இறுகாது என்பர். வட்டுக்குள் அழுத்தம் குறைந்து, பிதுங்கிய பகுதி உள்ளே இழுக்கப்படும் என்பர். 1994-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் மேசையில் படுத்தவர்களின் வட்டழுத்தம் உண்மையாகவே குறைந்தது என்று கண்டார்கள். ஆனால் மிகச் சிலரிடம் செய்த அளவீடு அது. மேலும், அழுத்தம் ஒரு கணம் குறைவது வேறு. நோய் குணமாவது வேறு. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இக்கருவிகளை 'மின்விசை இழுவைக் கருவிகள்' என்ற வகையில்தான் வைத்திருக்கிறது. ஏற்கெனவே சந்தையில் உள்ள கருவியை ஒத்தது என்று காட்டினாலே அந்த அனுமதி கிடைத்துவிடும். ஆதலின் "அமெரிக்க அனுமதி பெற்றது" என்ற வரி, நோய் தீரும் என்பதற்குச் சான்றாகாது. துண்டறிக்கையில் என்னை முதலில் மயக்கியது அந்த வரிதான்.

எண்கள் சொல்வது என்ன?

நம் முதுகெலும்புத் தொடரில் 23 வட்டுகள் உள்ளன. நடுவில் நீர் நிறைந்த கூழ். சுற்றிலும் நார் வளையங்கள். வளர்ந்தவர்களின் வட்டுக்குள் ரத்தக்குழாய் பெரும்பாலும் கிடையாது. அழுத்தம் கூடும்போது நீர் வெளியேறுகிறது. படுக்கும்போது நீர் உள்ளே வருகிறது. காலையில் நாம் மாலையைவிட ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் உயரமாக இருப்பது இதனால்தான். இயற்கை நமக்கு இரவுதோறும் இலவசமாகத் தரும் அழுத்தத் தளர்வு இது!

1999-இல் ஜெர்மனியில் வில்கே என்பாரும் அவருடைய குழுவினரும் ஒரு தன்னார்வலரின் இடுப்பு வட்டுக்குள் நுண்ணிய அளவியைச் செலுத்தி அழுத்தத்தை அளந்தார்கள். மல்லாந்து படுத்தால் 0.1 மெகாபாஸ்கல், நின்றால் 0.5, முழங்காலை மடக்கி 20 கிலோவைத் தூக்கினால் 1.7, முதுகை வளைத்து அதே 20 கிலோவைத் தூக்கினால் 2.3. கார் டயரில் நாம் அடிக்கும் காற்றின் அழுத்தம் சுமார் 0.2 மெகாபாஸ்கல்தான் என்பதை எண்ணிப் பார்த்தால், மனித வட்டு தாங்கும் பாரம் விளங்கும். ஒரே மனிதரிடம் செய்த சோதனை என்பதால் எண்கள் ஆளுக்கு ஆள் மாறலாம். ஆனால் எந்த நிலையில் கூடும், எந்த நிலையில் குறையும் என்ற திசை மாறாது.

இனி எங்கள் வயலுக்கு வருவோம். வெங்காயம் நிறுக்கும் தராசில் ஒரு கரும்புக் கட்டை வைத்துப் பார்த்தேன். 22 கிலோ இருந்தது. நெம்புகோல் தத்துவத்தை முதலாண்டிலேயே நாம் படித்திருக்கிறோம். அப்பாவின் மேலுடம்பு 35 கிலோ என்றும், குனியும்போது அதன் எடைமையம் இடுப்பு வட்டிலிருந்து 25 செ.மீ. முன்னால் இருக்கிறது என்றும், கட்டு 45 செ.மீ. முன்னால் இருக்கிறது என்றும் கொள்வோம். 35-ஐ 25-ஆல் பெருக்க 875. 22-ஐ 45-ஆல் பெருக்க 990. இரண்டும் சேர்ந்து 1,865. இதைச் சமன் செய்யும் முதுகுத் தசையோ வட்டிலிருந்து சுமார் 5 செ.மீ. தொலைவில்தான் இருக்கிறது. ஆகவே தசை இழுக்க வேண்டிய விசை 373 கிலோ எடைக்குச் சமம். அந்த விசை முழுவதும் வட்டின்மேல்தான் இறங்குகிறது. அமெரிக்காவின் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனம் இடுப்பு வட்டுக்குப் பாதுகாப்பான எல்லையாக 3,400 நியூட்டனைக் குறிக்கிறது. அது ஏறத்தாழ 347 கிலோ. எங்கள் அப்பா ஒவ்வொரு கட்டுக்கும் அந்த எல்லையைத் தாண்டுகிறார். ஓர் ஆள் ஒரு நாளில் ஒரு டன் கரும்பைத் தூக்கி ஏற்றினால், நாளொன்றுக்கு 45 முறை தாண்டுகிறார்!

இழுவை மேசையோ பெரும்பாலும் உடல் எடையில் கால் பங்கிலிருந்து அரைப் பங்குவரை உள்ள விசையால், நாளுக்கு அரை மணி நேரம் இழுக்கிறது. காலையில் முப்பது கிலோவால் இழுத்துவிட்டு, மறு மாதம் முந்நூற்றெழுபது கிலோவால் அழுத்தினால் முதுகு என்ன செய்யும்? எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?

காக்கையும் பனம்பழமும்

"எங்கள் உறவினர் ஒருவர் இச்சிகிச்சையால் குணமடைந்தாரே!" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் இடுப்புவலியின் இயல்பைக் கவனியுங்கள். திடீரென்று வரும் இடுப்புவலி பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே தணிகிறது. பிதுங்கிய வட்டும் பலருக்கு மாதக்கணக்கில் தானே சுருங்குகிறது. இருபது அமர்வுகள் முடிய எத்தனை வாரம் ஆகும்? ஐந்து அல்லது ஆறு. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். விழுந்த பழத்துக்குக் காக்கை ரசீது போட்டுக் கொடுக்கிறது.

இதனால்தான் ஒருவர் இருவர் அனுபவத்தை நம்பாமல், நோயாளிகளை இரு குழுக்களாகப் பிரித்து ஒப்பிடும் சோதனை வேண்டும் என்கிறது விஞ்ஞானம். 2013-இல் காக்ரேன் அமைப்பு இழுவை சிகிச்சை பற்றிய 32 சோதனைகளைத் திரட்டி ஆராய்ந்தது. அவற்றில் 2,762 பேர் பங்கு பெற்றிருந்தனர். காலுக்கு இறங்கும் வலி உடையவர்களும் அவர்களில் அடக்கம். இழுவையால் வலியிலோ வேலை செய்யும் திறனிலோ குறிப்பிடத்தக்க மாறுதல் இல்லை என்பதே முடிவு. 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம், தெளிவான தனிக் காரணம் காண இயலாத நாட்பட்ட இடுப்புவலிக்கு வழிகாட்டி நூல் வெளியிட்டது. வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டாம் என்று அது கூறியவற்றுள் இழுவையும் இடுப்புப் பட்டையும் உள்ளன. உடற்பயிற்சி, நோயைப் பற்றிய விளக்கம், மனத்துக்குத் துணை போன்றவற்றை அது பரிந்துரைக்கிறது. கழுத்து நரம்பு அழுத்தத்தில் இழுவை சிலருக்குச் சிறிது காலம் ஆறுதல் தரலாம் என்னும் ஆய்வுகள் உண்டு. அங்கும் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை.

ஸ்கேன் தாளைக் கண்டு அஞ்சுவோருக்கு இன்னொரு செய்தி. வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் திரட்டிய ஆய்வு 2015-இல் வெளிவந்தது. அதன்படி இருபது வயதினரில் 30 விழுக்காட்டினருக்கு வட்டுப் பிதுக்கம் இருந்தது. எண்பது வயதினரில் 84 விழுக்காட்டினருக்கு இருந்தது. அவர்கள் ஒருவருக்கும் வலி இல்லை! ஆகவே "ஜவ்வு பிதுங்கிவிட்டது" என்ற சொல் ஒரு தீர்ப்பன்று. தலை நரைப்பது போன்ற ஒரு மாற்றமாகவும் அது இருக்கலாம்.

"மேசையா, கத்தியா?" என்று விளம்பரம் கேட்கிறது. இக்கேள்வியே பிழையானது. இடுப்புவலி உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அறுவை தேவைப்படுவதே இல்லை. தேவைப்படாத அறுவையிலிருந்து காப்பாற்றியதாகச் சொல்லிப் பணம் பெறுவது என்ன நியாயம்?

நிற்க. எல்லா முதுகுவலியையும் அலட்சியம் செய்யலாம் என்று நான் கூறுவதாக யாரும் கொள்ள வேண்டா. சிறுநீர், மலம் கட்டுப்பாடின்றிப் போதல் அல்லது அடைபடுதல், இரு தொடைகளுக்கு நடுவே மரத்துப்போதல், பாதம் தூக்க முடியாமல் தொங்குதல், காய்ச்சலோடும் உடல் மெலிவோடும் கூடிய முதுகுவலி, கீழே விழுந்தபின் வரும் கடும் வலி ஆகியவை கண்டால் அன்றே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். எலும்புக் காசநோயும் முதுகுவலியாகத் தலைகாட்டும் என்பதை நம் பகுதியினர் மறக்கலாகாது.

எளிய மருந்து

மேசையை விட்டபின் அப்பாவுக்கு என்ன ஆயிற்று? 2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை அறிவீர்கள். அழுத்த மாத்திரை, சர்க்கரை மாத்திரை தருவது மட்டுமன்று. வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருவதும் அத்திட்டத்தில் அடங்கும். எங்கள் தெருவுக்கு வந்த இயன்முறை மருத்துவரான ஓர் அக்கா, "ஐயா, படுத்தே இருக்காதீங்க. வலிச்சாலும் மெல்ல நடங்க. உங்க முதுகு உடைஞ்சு போகல" என்றார். நான்கு பயிற்சிகள் சொல்லிக் கொடுத்தார். கட்டை உடம்போடு ஒட்டித் தூக்கும் விதத்தைக் காட்டினார். செலவு இல்லை. "உடைஞ்சு போகல" என்ற அந்த ஒரு சொல்லே அப்பாவைப் பாயிலிருந்து எழுப்பியது என்பேன்.

மூன்று மாதங்களில் கால்வலி தணிந்தது. இடுப்புவலி இன்னும் அவ்வப்போது வருகிறது. பயிற்சியால்தான் குணமானாரா, காலத்தால் குணமானாரா? மேற்சொன்ன காக்கைக் கதையை எனக்கு நானே சொல்லிக் கொள்ள வேண்டும். ஒருவரை வைத்து அறுதியிட்டுக் கூற முடியாது. ஆனால் இதற்கு எந்த நகையும் அடகுக்குப் போகவில்லை என்பது உறுதி.

இந்தப் பருவத்தில் அப்பா வெட்டுக்குப் போகிறார், சுமப்பதில்லை. மேஸ்திரி ஒப்புக்கொண்டார், கூலி குறைந்தது. அந்தக் குறையை ஈடுகட்ட இப்போது அம்மா சும்மாடு வைத்துக் கட்டுச் சுமக்கிறார். சுமை எங்கள் வீட்டை விட்டுப் போகவில்லை. ஒரு முதுகிலிருந்து இன்னொரு கழுத்துக்கு மாறியிருக்கிறது. மருத்துவத்தால் மட்டும் தீராத வலி இது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

நாம் கேட்க வேண்டியவை

2020-இல் உலகில் 61.9 கோடிப் பேர் இடுப்புவலியால் அவதியுற்றனர். 2050-இல் இது 84.3 கோடியாகும் என்று கணித்திருக்கிறார்கள். இதற்கு மேசைகள் செய்து முடியுமா? வள்ளுவர் காட்டிய வழி, நோயின் காரணத்தை நாடுவதன்றோ?

1967-இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, ஓர் ஆண் தொழிலாளி கையால் சுமக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேல் இருந்தால் அதைக் குறைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. நம் நாட்டின் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு, காயம் விளைவிக்கக்கூடிய பாரத்தை எவரையும் தூக்கச் செய்யலாகாது என்றது. நல்ல விதிதான். ஆனால் அது எழுதப்பட்டது தொழிற்சாலைக்கு. ஒரே கரும்பு ஆலை வாசலுக்குள் இருந்தபோது அதைத் தூக்கியவனுக்குச் சட்டம் துணை நின்றது. வயலில் கிடந்தபோது துணை இல்லை. கரும்புக்கு இரண்டு இடம் இருக்கலாம்; முதுகுக்கு இரண்டு நீதி இருக்கலாமா?

ஆகவே என் கருத்துகள் இவை. முதலாவது, கட்டின் எடையை 15 கிலோவுக்குள் கட்ட வேண்டும். மேற்கண்ட கணக்கில் 22-க்குப் பதில் 15 இட்டுப் பாருங்கள். விசை 310 கிலோவாகி எல்லைக்குள் வந்துவிடுகிறது. நடை சில கூடும், முதுகு மிஞ்சும். இரண்டாவது, வண்டியில் ஏற்ற வழுக்கும் ஒற்றைப் பலகைக்குப் பதில் அகன்ற படிகளும், இயன்ற இடத்தில் ஏற்றும் இயந்திரமும் வேண்டும். மூன்றாவது, ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வாரம் ஒரு நாளாவது இயன்முறை மருத்துவர் இருக்க வேண்டும். அந்த நாள் எது என்று ஊரார் அனைவருக்கும் தெரிய வேண்டும். நான்காவது, மேசைச் சிகிச்சை தருவோர் அதன் பயன் எவ்வளவு நிறுவப்பட்டுள்ளது, இடையில் நின்றால் பணம் திரும்புமா என்பவற்றைத் தமிழில் எழுதிக் கையொப்பமிட்டுத் தர வேண்டும்.

2022 நவம்பரில் எறையூரில் சிப்காட் தொழிற்பூங்கா திறக்கப்பட்டது. காலணித் தொழில் வந்திருக்கிறது. எங்கள் அக்கா தங்கைகள் வேலைக்குப் போகிறார்கள். மகிழ்ச்சியே. கரும்பு வயலில் குனிந்த முதுகு, இனித் தையல் பொறியின்முன் குனிந்த கழுத்தாகிவிடாமல் இருக்க, இருக்கையின் உயரத்தையும் இடைவேளையையும் இப்போதே கேட்டுப் பெற வேண்டும்.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகள். நம் வீடுகளில் ஆங்கிலத் தாள் எது வந்தாலும் நம் கையில்தான் கொடுப்பார்கள். நாம் தலையசைத்தால் நகை அடகுக்குப் போகும். நாம் தலையாட்டி மறுத்தால் நிற்கும். இது பெருமை அன்று, பொறுப்பு. தெரியாததைத் "தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன்" என்று கூறும் துணிவைக் கல்லூரிப் படிப்பு நமக்குத் தர வேண்டும். அடுத்த நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் மரம் நடுவதோடு நில்லாமல், ஒரு தராசை எடுத்துக்கொண்டு கரும்பு வயலுக்குப் போவோம். ஒவ்வொரு கட்டையும் நிறுப்போம். எண்களை எழுதி, உரியவர்களின் மேசைமேல் வைப்போம்.

முதுகை இழுப்பதைப் பிறகு பார்க்கலாம். முதலில் அதன்மேல் உள்ள சுமையை இறக்குவோம்!